ஒரு முழங்காலின் மேல் பொறாமை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கப் போன இடத்தில் கிடைத்தது. இரண்டாம் மாடியில், வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் ஓர் அம்மாள், பழைய தையலைப் பிரித்துக்கொண்டே, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே, தன் வீட்டில் நடந்ததை முழுவதும் சொல்லி முடித்தாள். மொத்தம் இருபது நிமிடம். அதை எழுத நான் நான்கு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். வாயில் ஊசி இருந்தும் அவளுக்கு ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. என் வாயில் ஒன்றுமே இல்லை, வரிக்கு வரி தடுக்குகிறது. அவள்மேல் எனக்குப் பொறாமை. ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை, கதையே அதைப் பற்றியதுதான்.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

அன்று காலை மழை தூறிக்கொண்டி— (தூறவில்லை. நான் எழுத உட்கார்ந்தாலே மழை வந்துவிடுகிறது.)

மனிதனின் மூட்டு என்பது வெறும் எலும்பு மட்டும்— (கட்டுரை. வேண்டாம்.)

அவளுக்குத் தன் கணவர்மேல் பொறாமை.

இது நிற்கட்டும்.

2

பொறாமை என்றதும் உங்கள் மனதில் இன்னொரு பெண் வந்து நின்றிருப்பாள். எனக்கும் வந்தாள். இரண்டாவது வரைவில் அவளுக்கு ஒரு பச்சைக் குடை கொடுத்து, பூங்காவில் கணவரோடு நடக்க வைத்து, இரண்டு பக்கம் பேசவும் வைத்தேன். பிறகு குடையோடு சேர்த்து அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இல்லை. பொறாமை கணவரின் முழங்கால்மேல்தான். குறிப்பாக வலது முழங்கால்.

அவர் முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டர். நின்றே தேய்ந்த கால். அவள் முப்பத்தைந்து வருடம் மெஷின் மிதித்தவள். உட்கார்ந்தே தேய்ந்த கால். அறுபது வயதில் இருவரும் ஒரே வலிக்கு வந்து சேர்ந்தார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். வீட்டில் இவர்கள் இருவரும், நான்கு முழங்கால்களும்.

வலி வந்த பிறகான முதல் நான்கு வருடம் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? காலையில் எழுந்ததும், "உனக்கு எப்படி?" "இடதுதான். உங்களுக்கு?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, சாப்பாடு, பேப்பர், தூக்கம்வரை ஓடும். கடையில் விற்கும் குப்பிகளையெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். மீன் எண்ணெய் மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பாலில் கலக்கிக் குடிக்கும் ஏதோ மாவு, சுறாவின் குருத்தெலும்பு என்று படம் போட்ட ஒரு டப்பா.* ஒவ்வொன்றுக்கும் அவர், "லேசா பரவாயில்ல போலிருக்கு" என்பார். அவள், "ஒண்ணும் கிழிக்கல" என்பாள். பாதி தீர்ந்த குப்பிகள் பிரிட்ஜின் தலையில் வரிசையாக நின்றன.

(* இதில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மருத்துவன் அல்ல. எனக்குத் தெரிந்தது அந்தச் சுறாவுக்கு மூட்டு வலித்ததில்லை என்பது மட்டுமே. அதுவும் யூகம்.)

3

ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் தேடினார்கள். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் ஒரு மாத்திரை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. இருபத்துநான்கு வாரம். தம்பதியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் விளக்கினார்: "பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில கடுதாசி வரும், அப்பத்தான் தெரியும்."

"அதெப்படிங்க டாக்டர், உங்களுக்கே தெரியாம?" என்றார் கண்டக்டர்.

"தெரிஞ்சா என் முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிடுவீங்களே."

அவருக்கு நாற்பத்தொன்று என்று ஒட்டிய குப்பி. அவளுக்கு நாற்பத்திரண்டு. தினம் இரண்டு மாத்திரை, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. விழுங்கியதும் ஓர் அட்டையில் டிக் போட வேண்டும். எட்டு வாரத்துக்கு ஒரு முறை குப்பியையும் அட்டையையும் கொண்டுவந்து காட்டினால் புதுக் குப்பி.

அங்கே ஒரு நர்ஸ். இவர்கள் வைத்த பெயர் மார்க் சிஸ்டர். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி, கடிகாரத்தை அழுத்துவாள். பிறகு கேட்பாள்: "வலி இல்லவே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து. எத்தனை?"

முதல் நாள் அவர் ஏழு என்றார். அவளும் ஏழு.

"ரெண்டு பேரும் ஏழா? நல்ல ஜோடிதான்!" என்று சிரித்தாள் மார்க் சிஸ்டர். அது நம் தையல்காரிக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தும் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாளாம்.

4

எட்டாவது வாரம். முதல் நாள் இருபத்திரண்டு நொடி எடுத்தவர் பதினான்கு நொடியில் எழுந்து உட்கார்ந்து முடித்தார்.

"வலி எத்தனை சார்?"

"மூணு போடுங்க சிஸ்டர்."

"அடேங்கப்பா! அம்மா, உங்களுக்கு?"

"ஏழு."

"குறையவே இல்லையா?"

அந்த 'வே' அவளுக்குச் சுருக்கென்றது. பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் கேட்கிற 'வே'.

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. கண்டக்டர் மாடிப்படியை, "ரைட், போலாம்" என்று தனக்குத் தானே விசில் கொடுத்துக்கொண்டு ஏறினார். மேல் அலமாரிச் சாமான்களைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர், "சார் பத்து வயசு குறைஞ்சிட்டாரே!" என்றார். அவள் பல்லைக் காட்டினாள். அதைச் சிரிப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"உனக்கு எப்படி?" என்று காலையில் அவர் இன்னமும் கேட்டார். ஆனால், "உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும். அதைவிட மோசம், அவள் சோபாவிலிருந்து எழும்போது அவர் நீட்டிய கை. கைகொடுக்கிறவன் மேலே நிற்கிறான், வாங்குகிறவள் கீழே கிடக்கிறாள். நேற்றுவரை ஒரே சோபாவில் அமிழ்ந்து கிடந்தவர்கள்தானே? "நானே எழுந்துப்பேன்" என்று அந்தக் கையைத் தள்ளினாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவளை வாசகருக்குப் பிடிக்குமா? கட்டிய கணவனின் வலி குறைந்ததற்கு வயிறு எரிகிறவளை? அவளிடமே கேட்டேன்: "அவருக்கு மறுபடி வலிக்கணும்னு நினைச்சீங்களா?" நூலைப் பல்லால் கடித்தாள். "சேச்சே. நெனப்பேனா? எனக்குக் குறையற வரைக்கும் வலிச்சாப் போதும்னுதான்.")

5

பன்னிரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கண்டக்டர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மொட்டைமாடிக்குப் போயிருந்தார். அவர் காலால், அவராகவே. மேலே பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. நாற்பத்தொன்றில் இருப்பதுதான் நிஜம். தனக்குக் கிடைத்தது மாவு.

குப்பியின் மேல் ஒட்டியிருந்த எண் சீட்டை ஊசி முனையால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. ஆகவே, துணி வெட்டும் மேஜையில் ஒரு லைனிங் துணியை விரித்து, இரண்டு குப்பிகளையும் இரண்டு குவியலாகக் கொட்டி, மாற்றி நிரப்பினாள். தன் குப்பியில் மேலாக இருந்த பஞ்சையும் மறக்காமல் அந்த மாத்திரைகளோடு சேர்த்து நாற்பத்தொன்றில் அடைத்து மூடினாள். தையல்காரி. எதையும் பிசிறில்லாமல்தான் முடிப்பாள்.

(மூன்றாவது வரைவில் இந்த இடத்தில் அவள் கை நடுங்கியது. அதைப் படித்துக் காட்டினேன். "நடுங்கவா? ஊசியில நூல் கோக்கிற கைங்க இது" என்றாள். எடுத்துவிட்டேன்.)

பிறகு காத்திருந்தாள். மூன்றாம் நாள் கால் லேசானதுபோல் இருந்தது. ஐந்தாம் நாள் படியிறங்கும்போது, இதோ, இதோ என்று மனசு அடித்துக்கொண்டது. பத்தாம் நாள் பழைய வலி, பழைய இடத்தில், வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

அவரோ விசில் ஊதிக்கொண்டு ஏறினார். ஜன்னலில் நின்று பார்த்தாள். மாவு தின்கிற மனுஷன் இப்படியா ஏறுவான்?

6

பதினாறாவது வாரம். கண்டக்டர்: பன்னிரண்டு நொடி. வலி இரண்டு.

அவளைக் கேட்டபோது நாலு என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய் "ஏழு" என்றது.

மார்க் சிஸ்டர் இரண்டு குப்பிகளில் மிச்சமிருந்ததைத் தட்டில் கொட்டி எண்ணினாள். அட்டைகளைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"அம்மா, நீங்க ஒரு வேளகூட விடாம டிக் போட்டிருக்கீங்க. ஆனா உங்க பாட்டில்ல அஞ்சு மாத்திரை கூட இருக்கு. சார் அஞ்சு வேளை மறந்திருக்கார். அவர் பாட்டில்ல அந்த அஞ்சு இல்ல. எப்படி?"

அவள் தட்டில் கிடந்த மாத்திரைகளையே பார்த்தாள். தலை நிமிரவில்லை.

"என் தப்பு சிஸ்டர்," என்றார் கண்டக்டர். "கை தட்டி ரெண்டு பாட்டிலும் விழுந்து கொட்டிடுச்சு. அள்ளிப் போட்டப்ப மாத்திப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன மாசம். தண்ணித் தொட்டி கழுவின அன்னிக்கு. செவ்வாக்கிழமை."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், சில்லறை இல்லை என்று சொல்கிற கண்டக்டரின் முகத்தோடு.

"அடடா. அப்ப உங்க ரெண்டு பேரையும் இதுல சேத்துக்க முடியாதே," என்றாள் மார்க் சிஸ்டர். அவளுக்கும் வருத்தம்தான். அட்டைகளில் குறுக்காகக் கோடு போட்டாள். "ஆய்வு முடிஞ்சதும் கடுதாசி மட்டும் வரும். எந்த பாட்டில்ல எது இருந்துச்சுன்னு போட்டிருக்கும்."

7

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு. பேச்சை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"எப்பத் தெரியும்?"

"மறுநாளே. நான் பஞ்ச மொத நாளே தூக்கிப் போட்டவன். தொறந்தா, உள்ள பஞ்சு உக்காந்திருக்கு."

"தெரிஞ்சும் ஏன் முழுங்கினீங்க?"

"என்னோடது நல்ல மாத்திரைன்னா அது உனக்குப் போகட்டுமேன்னுதான்."

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதினால் கதை அழகாக முடிந்துவிடும். எழுதியும் பார்த்தேன்: அவள் கண்கள் கலங்க, அவர் தோளில்— இல்லை. அவளுக்கு வந்தது கொதிப்பு. அதுவரை வந்த பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்றாள்.

"முழங்காலும் உங்களுக்கே. நல்ல பேரும் உங்களுக்கே. எனக்குன்னு என்னதான் மிச்சம் வச்சீங்க?" என்று கத்தினாளாம். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

அதற்கு அவர் என்ன சொன்னார்? என் வரைவுகளில் பல பதில்கள் இருக்கின்றன. 'எனக்கும் வலிக்குது, உனக்காகத்தான் குறைச்சுச் சொன்னேன்' என்று ஒன்று. 'வலி குறையட்டும்னு நம்பினேன், குறைஞ்சிது, உனக்கு நம்பத் தெரியல' என்று இன்னொன்று. இரண்டாவதை ரசித்து எழுதியிருந்தேன். உண்மையில் அவர் சொன்னது: "பஸ் வருது."

ஏறினார்கள். ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அவளை உட்கார வைத்துவிட்டு அவர் வீடுவரை நின்றுகொண்டே வந்தார். அதையும் அவள் மன்னிக்கவில்லை.

8

கடிதங்கள் வந்துவிட்டன. இரண்டு உறை, ஒன்றில் நாற்பத்தொன்று, ஒன்றில் நாற்பத்திரண்டு. அவள் பிரிக்கவில்லை. அவர், "என்னவா இருந்தா என்ன, விடு" என்றார். அப்படிச் சொல்ல முடிகிறதே என்பதிலும் அவளுக்கு ஓர் எரிச்சல்.

மூன்று முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று நிஜம், நாற்பத்திரண்டு மாவு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதிர்ஷ்டம் முதலிலேயே அவர் பக்கம் போயிருக்கிறது. அவள் அதை நான்கு வாரம் பிடுங்கித் தின்றும் அவளிடம் ஒட்டவில்லை. பொறாமை தீராது.

நாற்பத்திரண்டு நிஜம், நாற்பத்தொன்று மாவு. அவள் நிஜத்தைத் தின்றே பன்னிரண்டு வாரம் ஏழில் நின்றிருக்கிறாள். அவர் வெறும் மாவில் மூன்றுக்கு வந்திருக்கிறார். இது இன்னும் மோசம்.

இரண்டுமே மாவு. அப்போது மருந்தைக் குறை சொல்ல வழியில்லை. அதே மாவு, அதே வீடு, அதே படி. அவருக்கு மட்டும் குறைந்தது. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. (இரண்டுமே நிஜம் என்றாலும் கதை இதுதான். அதனால் தனியாக எழுதவில்லை.)

போன வாரம் தைக்கக் கொடுத்த இன்னொரு கால்சட்டையை வாங்கப் போனபோது, "இப்ப வலி எத்தனை?" என்று கேட்டேன்.

"ஏழு."

"அவருக்கு?"

"ஒண்ணுங்கறார். யாரு கேட்டா?"

பிறகு மெஷின் இழுப்பறையைத் திறந்து இரண்டு உறைகளையும் எடுத்து என் கால்சட்டையின் மேல் வைத்தாள். "நீங்களே கொண்டு போங்க. பிரிச்சுப் பாருங்க, பாக்காமப் போங்க, கதையில என்ன வேணா எழுதிக்கோங்க. எதுவா இருந்தாலும் சரி, எனக்கு முன்னாடி அவருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

உறைகள் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. நான் பிரிக்கப் போவதில்லை, உங்களிடம் தள்ளிவிடுகிறேன். எதைப் படித்தால் அவள் மனம் ஆறும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் அதையே எழுதி உறையில் போட்டு, அவளிடம் நேரில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று மட்டும் அவர் நடக்கப் போகமாட்டார், வீட்டில் இருப்பார். கதவைத் திறந்து, "வாங்க வாங்க" என்று உங்களிடமிருந்து உறையை வாங்கிக்கொள்கிறவர் அவராகத்தான் இருக்கும். அவள் எழுந்து வருவதற்குள்.