மூன்று வாட்

பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. தேவசகாயம் ஒரு பக்கமும் ஜட்கா வண்டிக்காரர் மறுபக்கமுமாக அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார்கள். நோரா கதவைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹாலில் போட்டிருந்த கட்டிலையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் அப்பாதுரை கண்களை மூடியிருந்தார். மூச்சு ஒவ்வொன்றும் மேடேறி வருவது போல வந்தது. சாயங்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த டாக்டர் சொல்லியிருந்தார். மனம் பதறும்படி எதுவும் நடக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அப்படியும் கொழுந்தன் தேவசகாயத்துக்கு ஆள் அனுப்பியது அவள்தான். கணவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸில், இதே ஹாலில்தான் எல்லாம் நடந்தது. அப்பாதுரை மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். மூன்றே வாட். வேலைப் பயிற்சிக்கு லண்டன் போய் வந்த தம்பி ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். சின்னப் பெட்டி, கல் மாதிரி கனம். இரண்டையும் இணைத்ததும் பாட்டு தலையணைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. தேவசகாயம் குமிழைக் கடைசிவரை திருப்ப, சத்தம் உடைந்து கரகரத்தது. கொசுவுக்குக்கூட இதைவிடத் தெம்பு இருக்கும் என்று அவர் சொல்ல, விருந்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை, உன் ஸ்பீக்கர் பகாசுரன், இருபது வாட் கொட்டினாலும் அதற்குப் பத்தாது என்றார் அப்பாதுரை. பேச்சு தடித்து, கடைசிக் காலத்தில் அம்மாவை யார் பார்த்துக்கொண்டது என்பதுவரை போனது. இனி இவன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பதில் முடிந்தது.

இப்போது வந்திருப்பது சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்ற ஹாரன் ஸ்பீக்கர் பெட்டி. கொட்டகைக்காரர்கள் புதுசு வாங்கியபோது கழித்துப் போட்டது. துளி கரண்ட் கொடுத்தாலே வாய்விட்டுப் பாடும் என்று தேவசகாயம் வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார். எப்போது வாங்கி வைத்தார் என்று நோரா கேட்கவில்லை.

ஒருவழியாக உள்ளே வந்து பெட்டி தரையில் இறங்கிய சத்தத்தில் அப்பாதுரை கண் திறந்தார். தம்பியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நோராவின் கை தானாக அவர் மார்பின் மேல் போனது. போகச் சொல்லிவிடுவாரோ? அந்தக் கோபத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ?

வண்டிக்காரர் போய்விட்டார். தேவசகாயம் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் குனிந்து, ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாட்ட எண் எழுதியிருந்த முனைகளில் ஒன்றில் ஒயர்களை முறுக்கினார். பிறகு கை சுவிட்சை நோக்கிப் போனது.

"இரு."

வெறும் காற்றுதான் வந்தது போலிருந்தது. நோரா குனிந்தாள். அப்பாதுரை அவளைப் பார்க்கவில்லை.

"அது நாலு ஓம்ஸ். பதினஞ்சுல போடு, தேவு."



"சரிண்ணா" என்று தேவசகாயம் ஒயரைக் கழற்றிப் பதினைந்து என்று எழுதிய முனையில் மாட்டினார்.

வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கியதும் வயலின் எழுந்தது. வில் நரம்பைத் தொடுகிற உரசல்கூடத் தெளிவாகக் கேட்டது. குமிழ் கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை.

"இன்னும் சொல்ப ஏத்தட்டுமாண்ணா?"

அப்பாதுரை வேண்டாமென்று தலையசைத்தார். அவர் கை போர்வைக்கு வெளியே வந்து கட்டில் ஓரத்தைத் தட்டியது. தேவசகாயம் அங்கே வந்து உட்கார்ந்தார்.

நோராவுக்குப் பாட்டில் மனம் போகவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. பிறகு ஒருமுறை அடுத்தது வரவில்லை. அவள் காத்திருந்தாள். தேவசகாயம் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு யசோதா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வாசல் கேட் அருகே நின்றிருந்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"நோராம்மா, சாருக்குத் தேவலையா? தெருமுனை வரைக்கும் பாட்டு கேக்குது."

நோரா இறங்கிப் போய்க் கொக்கியை எடுத்து, அவள் உள்ளே வர வழிவிட்டு நின்றாள்.