கண்ணாடியில் தெரியாத வண்டி

ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்யும் மூன்று தோஸ்துகள் வேலூரிலிருந்து ஏலகிரிக்கு ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினார்கள். "பின்னாடி வர்றவன் கண்ணாடில தெரியலன்னா நின்னுடணும்" என்று சொன்ன ஜெயகரன்தான் முன்னால் போனான். மாதனூரில் லாரியை முந்திய வேகத்தில் அவனே அதை மறந்துவிட்டான்.

ஆம்பூரில் திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. வந்த வழியே திரும்பினான். எதிரே வந்த ஒவ்வொரு லாரியிலும் முன்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

புளியமரத்தடியில் ஜெஸ்டன் பஞ்சரான டயரோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜோஸ்.

"இவனக் காணோம்னு நான் நின்னுட்டேன். என்னைக் காணோமேன்னு நீ பாக்கவே இல்லியா?" என்றான் ஜோஸ்.

ஜெயகரன் தன் பைக்கை ஜோஸின் பைக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான்.

"இனிமே நீ முன்னாடி போ. நான் கடைசில வர்றேன்."