பொழுது சாய்வதற்குள்

எட்டாம் வகுப்பு அமுதா காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, என்ன சாப்பிட்டாய் என்று தயாவதி டீச்சர் கேட்டார்.

"காலைல வேனுக்கு நேரமாயிடுச்சு மிஸ். நேத்து ராத்திரியும் சாப்புடல. கிளாஸ் முடியறதுக்குள்ள இருட்டிடுது."

தயாவதி அவளுக்குச் சூடாகப் பால் கொடுத்துப் படுக்கவைத்தார். அமுதாவின் ஊரான திருப்பருத்திக்குன்றத்தில்தான் அவரும் பிறந்தவர். அங்கே சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் ஒரு வாய் சோறு தொடமாட்டார்கள். வேன் ஊரெல்லாம் சுற்றி அமுதாவை இறக்கிவிட்ட கையோடு பள்ளியின் மாலை ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிடும். கேமரா அணைந்தால் ஆப்சென்ட். கேமரா முன்னால் சாப்பிட்டால் பெற்றோருக்குப் புகார் போகும்.

அப்படி என்னதான் வகுப்பு? பாடப்புத்தகத்தை ஒருவர் வாசிப்பார், பிள்ளைகள் டேப்லட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பகலில் வகுப்பிலேயே அந்த டேப்லட்டில் கணக்குப் போடவைக்கலாம், வாசிப்பதைப் பதிவு செய்து கொடுத்தால் போதும் என்று தயாவதி தலைபாடாக அடித்துக்கொண்டார். அவரைத் தொழில்நுட்பப் பொறுப்பாளராகப் போட்டதே பிரின்சிபால் ராம்ப்ரஸாத்தான். பேச்சைக் கேட்கத்தான் அவருக்கு மனமில்லை. மார்கழியில் சீக்கிரம் இருட்டிவிடும், நயினார் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்றதற்கு, "போகப் போகப் பழகிடும்மா" என்று முடித்துவிட்டார். வரவேற்பறையில் பெரிய டிவி மாட்டி, எத்தனை பேர் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று ஓடவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பூரித்துப்போகிறவர் அவர். அதற்கு இந்த வாரம் விருது வேறு வரப்போகிறதாம்!

வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த அமுதாவின் அப்பா அப்பாண்டையைக் கூட்டிக்கொண்டு, தயாவதி நேராகப் பிரின்சிபால் அறைக்குள் நுழைந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ராம்ப்ரஸாத், "வீட்டுக்கு அனுப்பிட்டா சாயங்கால கிளாஸுக்கு அவ வந்துடுவா இல்ல? இந்த வாரம் யாரும் ஆப்சென்ட் ஆகக்கூடாது" என்றார்.

"என்னா சார் பேசறீங்க? எம்பொண்ணு கண்ணு சொருகிப் படுத்துக்கினு இருக்குது!" என்றார் அப்பாண்டை.

"கிளாஸ் முடிஞ்சு சாப்பிட்டா என்னப்பா? ஒரு வேளை சாப்பிடலைன்னா உயிரா போயிடும்? நான் ஏகாதசிக்கு முழு நாளும் பட்டினி. விழுந்தேனா?"

தயாவதி மேசையருகே போனார். "ஏகாதசி நீங்களா இருக்கற விரதம் சார். இது அந்தப் பொண்ணு மேல நீங்க ஏத்திவெச்ச பட்டினி!"

மேசைமேல் இருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். மாலை வகுப்புகள் மொத்தத்தையும் அட்டவணையிலிருந்து அழித்தார். பெற்றோர் எல்லோருக்கும் ஒரே செய்தி பறந்தது: 'இனி மாலையில் வகுப்பு இல்லை. பாடம் பதிவாக வரும். முடிந்தபோது பார்க்கலாம்.'

"யாரைக் கேட்டும்மா அனுப்பினே?" ராம்ப்ரஸாத் எழுந்தே விட்டார். "பொறுப்புலேருந்து உன்னை இப்பவே தூக்கறேன்."

"தூக்குங்க. புதுசா வர்றவங்க திரும்ப கிளாஸ் போட்டா, அமுதா அப்பா மட்டும் வரமாட்டாரு. ஊரையே கூட்டினு நானே வருவேன்."

அப்பாண்டை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ராம்ப்ரஸாத் மெல்ல உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"பொண்ணு இப்போ எப்படி இருக்கா?"

"இதைத்தான் சார் நீங்க மொதல்ல கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தயாவதி அமுதாவுக்குச் சோறு வாங்கப் போனார்.