பெருக்கல் குறி போட்ட வீடு

“பன்னண்டு வருஷமா அந்த லாரியெல்லாம் உன் கண்ணுல படவே இல்லையா, அக்கா?”

“பட்டுது. படத்துக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்.”

தங்கை கையில் சுருட்டி வைத்திருந்த காலண்டரை மேசைமேல் எறிந்தாள். அது தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. பிரஷ் கழுவிய சாம்பல் நிறத் தண்ணீர் மேசை விளிம்புவரை ஓடி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஓவிய ஆசிரியையான அக்கா துணியை எடுக்கவில்லை. இந்த அறையில் இதுவரை யாரும் எதையும் எறிந்தது கிடையாது.

காலண்டர், கல்குவாரிக் கம்பெனியுடையது. வருடாவருடம் அவள் வரைந்த மலையைத்தான் அதில் அச்சடிப்பார்கள். முதல்முறை வந்து கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கடைச் சுவரிலும் தன் மலை தொங்கப் போகிறதே!

அந்தப் பன்னிரண்டு காலண்டர்களையும் இன்று காலை, தங்கை கொடுத்த புகாரை விசாரிக்கும் அதிகாரியின் முன்னால் கம்பெனி வக்கீல் வரிசையாக விரித்து வைத்தாராம். ஒவ்வொரு படத்திலும் கையெழுத்து, பக்கத்திலேயே தேதி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர், தன் மொட்டைமாடியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து வரைந்தது என்றாராம். போன வருடப் படத்தில்கூட கிழக்குச் சரிவு முழுசாக இருக்கிறது. அப்படியிருக்க, அங்கே பன்னிரண்டு வருடமாக வெடி வைத்ததால் அடிவாரத்தில் இருக்கும் தன் வீடு விரிசல் விட்டது என்று இந்த அம்மா சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டாராம். தங்கை எடுத்த போட்டோக்களை, தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாராம்.

“அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? டீச்சர் போய் பொய்யா வரைவாங்களான்னார். உன் மலைக்கு மட்டும் வயசே ஆகலை, அக்கா. எவ்வளவு வெட்டினாலும் மறுவருஷம் முளைச்சிடுது.”

ஆசிரியைக்கு முதலில் வக்கீல்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. ஓவியம் என்ன, நிலம் அளக்கிற சங்கிலியா? நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக எதையும் பூசுவதில்லை; தாளை விட்டுவைப்பதுதான் வெள்ளை. எதை விடுவது என்று தெரிந்தவன்தான் ஓவியன். இதைத்தானே அவள் வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தாள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி மலைக்கு நடுவே மஞ்சள் இயந்திரம் ஒன்றை வரைந்திருந்தாள். ஆசிரியை தானே ரப்பரை வாங்கித் தாள் கிழியும்வரை அழித்தாள். “அதுக்குள்ள எங்கப்பா உக்காந்திருக்கார், மிஸ்” என்றது அந்தப் பெண். அந்தக் குரல் இப்போது எதற்கு நினைவுக்கு வருகிறது என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

கோபம் தங்கைமேல் திரும்பியது. இத்தனை நாள் தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா என்று கேட்டாள்.

“சொன்னேனே. வெடி அதிர்வுல தட்டு அலமாரியிலேர்ந்து உருண்டு விழுந்தப்பல்லாம் போன் பண்ணேன். வெளிச்சம் போயிடும், அப்புறம் பேசறேன்னு வெச்ச. உன் வெளிச்சம் போகாம இருக்க நான் இருட்டுல கெடந்தேன்.”

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் தங்கை அடுத்ததைப் போட்டாள். “போன மாசம் பேட்டியில கேட்டாங்களே, எதைப் பாத்து வரைய ஆரம்பிச்சீங்கன்னு. மூடுபனின்னு சொன்னியாம். நான்தான் அந்த மூடுபனியா?”

அது சுருக்கென்று தைத்தது. தங்கைக்கு ஒன்பது வயதில் தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. அந்த அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. அக்கா தினமும் மாடிக்கு ஓடி மலையை வரைந்து கொண்டுவந்து காட்டுவாள். சின்னவளை ஏமாற்ற முடியாது. நேற்று இருந்த ஆடு இன்றைக்கு எங்கே, மரம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று குடைவாள். அந்தக் குடைச்சலுக்குப் பயந்துதான் அக்கா பார்க்கவே கற்றுக்கொண்டாள். எந்தப் பேட்டியிலும் அதைச் சொன்னதில்லை. மூடுபனி என்றால் கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

“நான் பாக்கலைன்னு மட்டும் சொல்லாதே!” என்று ஆசிரியை கத்தினாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சின்னச் சின்ன நோட்டுகளை அள்ளித் தங்கையின் மடியில் கொட்டினாள். “பாரு. ஒண்ணு விடாம பாத்திருக்கேன்.”

வண்ணம் தொடுவதற்கு முன் பென்சிலில் எடுத்த குறிப்புகள் அவை. மாடியிலிருந்து தெரிந்த எல்லாமே அதில் இருக்கும். ஓவியத்தில் வேண்டாதவற்றின்மேல் மட்டும் ஒரு பெருக்கல் குறி போடுவாள். தங்கை பக்கம் பக்கமாகப் புரட்டினாள். லாரி, அதன்மேல் குறி. கிரேன், குறி. கிழக்குச் சரிவில் பாறையைப் படிபோல வெட்டிய முதல் வெட்டு, அடுத்த வருடம் இரண்டாவது, அதற்கடுத்து பாதிச் சரிவே இல்லை. எல்லாவற்றின்மேலும் குறி. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஆசிரியையின் கையெழுத்து, தேதி.

ஒரு பக்கத்தில் தங்கையின் விரல் நின்றுவிட்டது.

அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ‘நீலம், உறுத்துகிறது’ என்று பொடி எழுத்து. வீட்டின்மேல் பெருக்கல் குறியின் இரண்டு கோடுகள், மற்றவற்றைவிட அழுத்தமாக.

ஆசிரியை அந்த நோட்டைப் பறிக்கக் கையை நீட்டினாள். பாதி வழியில் கை தானாக இறங்கியது. அடுத்த மாதம் நகர மண்டபத்தில் அவளுடைய முப்பது வருட மலைகளும் வரிசையாக மாட்டப்படப் போகின்றன, அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. கோபப்பட இப்போது அவளுக்கு வேறு யாரும் மிச்சமில்லை. தன்மேல்தான் படவேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் இன்னும் மோசம்.

தங்கை நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். காலண்டரை எடுத்துத் திரும்பவும் சுருட்டிக்கொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. நோட்டு மட்டும் போதாது, நீயும் வரணும். அந்தப் பன்னண்டு படத்தையும் பாத்து, இதெல்லாம் நான் வரைஞ்ச பொய்னு அவங்க முன்னாடி உன் வாயால ஒரு தடவை சொல்லிடு, அக்கா.”