அட்சதை விழுந்த கூன்வண்டு

ரஞ்சனாவின் கூன்வண்டு கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். உடம்பு முழுக்கச் செதில். வெறும் கண்ணுக்கு அழுக்குத் துணுக்கு மாதிரித்தான் தெரியும். உலகத்தில் கூன்வண்டுகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. அரிசி டப்பாவில் அழைக்காமலே வந்து குடியேறுவதும் அதன் சொந்தம்தான். ஆனால் இது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று ரஞ்சனா சொன்னாள். சொல்வதற்கு அவளிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. இதன் நெருங்கிய உறவான வண்டுக்குச் செதில்கள் எல்லாமே சாம்பல் நிறம். இதற்கு மட்டும் முன்முதுகின் இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் செதில்கள்.

ரஞ்சனா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். மாட்டுங்காவில் பிறந்து, அப்பா போன பிறகு அம்மா வாலாம்பாளோடு செம்பூருக்குக் குடிவந்தவள். வண்டைக் கண்டுபிடித்தது அவள் இல்லை. அவளிடம் ஆராய்ச்சி செய்யும் பேச்சிராஜா. தாராவியில் அவன் வீட்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கோடவுன் சுவரோரம் நின்ற எருக்கஞ்செடியில் மூன்று பிடித்தான். மறு மாதமே சுவரை இடித்தார்கள், செடியும் போயிற்று. அதற்கப்புறம் அவன் தேடாத இடம் கிடையாது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவனுடைய ஆராய்ச்சியில் பாதி, அந்த மூன்று வண்டுகளின் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது.

புதிய இனம் என்று எழுதிய கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கு முன்னால், பதில் வந்தது. பத்திரிகைக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த, முகம் தெரியாத நிபுணர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். படங்களில் மஞ்சள் நிறம் மூன்று வண்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் நடு முதுகில்கூடத் தெரிகிறது. இவை உண்மையிலேயே செதில்கள்தானா, வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூளா? தூள் என்றால் இது ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம்தான், கட்டுரைக்கு வேலை இல்லை.

ரஞ்சனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டுப் பெட்டியை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள், இந்த மனுஷன் தூள் என்கிறானே என்று சமையலறைப் பக்கம் பார்த்துப் பொரிந்து தள்ளினாள். மஞ்சளாக எந்தத் தூள் வந்து இதன் மேல் விழும் என்று கேட்டாள்.

வாலாம்பாள் காபியை ஆற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "அட்சதை போட்டப்போ ஒட்டிண்டிருக்குமோ என்னமோ."

ரஞ்சனா சமையலறை வாசலுக்கு ஓடினாள். எந்த அட்சதை என்று கேட்டாள். நவராத்திரி லீவுக்கு வண்டுகளையும் மைக்ராஸ்கோப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள் அல்லவா, அப்போது என்றாள் அம்மா. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அந்தப் பெட்டியையும் பூஜையில் வைத்தவள் ரஞ்சனாவேதான். மூடித்தான் வைத்தாள். மறுநாள் விஜயதசமி, மறுபடி பூஜை செய்து எடுக்கிற புனர்பூஜை. அவள் குளிக்கப் போயிருந்தபோது வாலாம்பாள் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

"மூடி மேல போட்டா உள்ள இருக்கறதுக்கு எப்படிடீ போய்ச் சேரும்? நன்னா வரட்டும்னு அது மேலயே போட்டேன். அரிசியை எல்லாம் ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன்."

அரிசியைப் பொறுக்கினாள், சரி. அந்த வருஷம் பார்த்து அட்சதைக்கு நெய் விட மறந்திருந்தாள். உதிர் உதிராக, காய்ந்த மஞ்சள்பொடியோடு இருந்தது. ரஞ்சனா வண்டுகளை முதன்முதலாக லென்ஸில் வைத்துப் படம் எடுத்தது அன்றைக்கு மத்தியானம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மஞ்சளை வர்ணித்து ஒரு முழுப் பக்கம் எழுதினாள். புதிய இனம் என்று ஊரெல்லாம் சொன்னது, அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். அம்மாவைப் பார்த்து, உன்னால் ஒரு பையனின் வாழ்க்கையே போகப்போகிறது என்று கத்திவிட்டாள். வாலாம்பாள் ஆற்றிய காபியை மேடைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

பேச்சிராஜா சயானிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தோடேயே, "டென்ஷன் நக்கோ மேடம், பயப்படாதீங்க, பாத்துக்கிடலாம்" என்றான். டென்ஷன் அவனுக்குத்தான் அதிகம்.

இரண்டு பேரும் மாறி மாறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அந்த வீட்டு மைக்ராஸ்கோப்புக்கு அவ்வளவுதான் சக்தி. செதிலும் தூளும் இரண்டும் மஞ்சள் புள்ளியாகவே தெரிந்தன. பெரிய ஆராய்ச்சிக்கூடத்து இயந்திரத்துக்கு மாதக்கணக்கில் வரிசை. ஸ்பிரிட் விட்டால் மஞ்சள்பொடியின் நிறம் கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் இந்த மாதிரிச் செதில்களின் நிறமும் ஸ்பிரிட்டில் போகக்கூடும் என்றாள் ரஞ்சனா. நிறம் போனால், போனது எது என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க வேண்டும் என்று பாத்திர ஸ்டாண்டைப் பார்த்தாள். பக்கத்து ஃபிளாட் வந்தனா பிரசவமாகிக் குழந்தையோடு வந்தபோது ஆரத்தி சுற்றின தாம்பாளம் அங்கே கவிழ்த்திருந்தது. சரியாகத் தேய்க்கவில்லை; விளிம்பில் சிவப்புக் கறை.

சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். படித்த படிப்பெல்லாம் சேர்ந்து அதைக் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. ஸ்பிரிட்டில் மஞ்சள் காணாமல்தான் போகும். சுண்ணாம்புத் தண்ணீரில் அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

"அம்மா, சுண்ணாம்பு இருக்கா?"

வாலாம்பாள் எதற்கென்று கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, மேலாக எடுத்தார்கள். முதலில் விரல்நுனி மஞ்சள்பொடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள், பளிச்சென்று சிவந்தது. இனி வண்டு. நனைந்தால் செதில்கள் உதிரலாம், வண்டே வீணாகலாம். இருப்பதே மூன்று. ரஞ்சனா முதலாவதை நோக்கி ஊசியை நீட்டியபோது பேச்சிராஜா தடுத்தான்.

"அது வேண்டாம் மேடம். மூணாவத எடுங்க. அதுக்கு ஏற்கெனவே ஒரு கால் போயிட்டு."

மூன்றாவதின் முதுகில் ஊசிமுனையளவு ஈரத்தை வைத்தாள் ரஞ்சனா. கண்ணை லென்ஸில் வைத்தாள். நடு முதுகில் இருந்த புள்ளி சிவந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் சிவந்தது. மஞ்சள்பொடிதான், சந்தேகமே இல்லை. ஓரத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து அவனுக்கு இடம் விட்டாள்.

பேச்சிராஜா குனிந்தான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். ஊசியைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் வைத்தான். விளக்கைச் சாய்த்தான்.

"மேடம்," என்றான். "ஓரம் செவக்கலயே மேடம்."

ரஞ்சனா அவனைக் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டுத்தான் லென்ஸுக்குப் போனாள். நடுவில் இரண்டு சிவப்புத் துகள்கள் மிதந்தன. இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஈரம் பட்டதில் மேலிருந்த தூசி விலகி, செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பது துலக்கமாகத் தெரிந்தது. தூள் அப்படி அடுக்கிக்கொண்டு உட்காராது. ஈரம் காயும்வரை பார்த்தாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

அதன்பிறகு மற்ற இரண்டையும் ஒற்றை மயிர்த் தூரிகையால் உலர்வாகவே துடைத்தார்கள். அங்கங்கே ஒட்டியிருந்தது உதிர்ந்தது. ஓரத்தில் இருந்தது அசையவில்லை. துடைத்து முடித்துப் பார்த்தால் மூன்று வண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருந்தன, ஓரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. அந்த நிபுணர் சந்தேகப்பட்டதும் சரி, ரஞ்சனா புதிய இனம் என்றதும் சரி. தப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். 'நடு முதுகில் ஒழுங்கற்ற சில மஞ்சள் புள்ளிகள்' என்று வெகு கவனமாக எழுதியிருந்தாளே, அது அம்மாவின் அட்சதையைப் பற்றியது. அதை அடித்தாள். என்ன நடந்தது, எப்படிச் சோதித்தோம் என்பதை மறைக்காமல் பதிலில் எழுதிவிடுவது என்றும் முடிவு செய்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பேச்சிராஜா தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். ரஞ்சனாவுக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. அழுகை அழுகையாக வந்தது, வெட்கப்படாமல் கொஞ்சம் அழுதாள். பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது.

வாலாம்பாள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. தான் கத்தியதிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது ரஞ்சனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"பூச்சி புதுசுதான்மா. ஒண்ணும் ஆகலை. நான் அப்படிக் கத்தியிருக்கப்படாது."

"நெஜம்மாவா? எனக்காகச் சொல்லலியே?"

நிஜம்தான் மாமி என்று பேச்சிராஜா தரையிலிருந்தே சாட்சி சொன்னான். வாலாம்பாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை பாடு படுத்திய ஜந்துவை நானும் ஒருதரம் பார்க்கிறேனே என்று வந்து, ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு, லென்ஸில் குனிந்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பார்த்தபடியே, இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

"ஹரித்ரா."

தினமும் பூஜையில் அம்பாளுக்கு ஹரித்ரா குங்குமம் சமர்ப்பிக்கிறவள் வாலாம்பாள். மெல்ல நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, மஞ்சப்பொடி இல்லேன்னு நிரூபிக்கக் காலம்பறலேர்ந்து உயிரை விட்டுட்டு, மஞ்சள்னேவா பேர் வச்சிருக்கே?"

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேச்சிராஜாவும் சேர்ந்து சிரித்தான். கடைசியில் வாலாம்பாளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே புதுப் பாலை அடுப்பில் வைத்தாள்.