ஏழு இஞ்சு ரம்பம்

மலேசியாவின் ரவாங்கில் அலமாரி, நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் பகுதியில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள் மாடில்டா. ஆனாலும் சொந்த வீட்டுக்கு ரம்பம் வாங்கப் போன அன்று, கடையில் ஒருவரும் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ராசா என்ற ஊரில் அவளும் கணவனும் வாங்கியிருந்த மலிவு வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். மகள்கள் இருவரும் பெரியவர்களாகிவிட்டார்கள். கூடத்தை மறித்து அவர்களுக்கு ஓர் அறை எடுக்க வேண்டும். அதற்காக இரண்டு அங்குலக் கனத்தில் கெம்பாஸ் சட்டங்கள் வந்து இறங்கியிருந்தன. லேசில் அறுபடாத மரம்.

"வட்டத் தட்டு ரம்பம் எடுங்க. ஏழு இஞ்சு. அஞ்சு இஞ்சு தட்டு இந்தக் கட்டைக்கு முழுசா இறங்காது" என்று கடை வாசலிலேயே சொல்லிவிட்டாள். கணவன் லியோனார்ட் தலையாட்டினான்.

உள்ளே தவுக்கே, அந்தக் கடையின் சீன முதலாளி, அவனை நேராக ஜிக்சா இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். ஊசி போன்ற அலகு மேலும் கீழும் குத்தி அறுக்கும் சின்ன மெசின்.

"இது சேஃப் லா. வட்டம் வீட்டுக்கு வேணாம், விரல் போயிடும். இது உங்க வைஃப்கூட பிடிக்கலாம்."

"அது வளைவு வெட்டுறதுக்கு, தவுக்கே. கனமான சட்டத்துல நேரா போகாது" என்றாள் மாடில்டா.

தவுக்கே லியோனார்டைப் பார்த்துப் பதில் சொன்னார். "மெதுவா அறுத்தா போகும் லா."

"ஏங்க, சொல்றதக் கேளுங்க..."

"நீ சும்மா இரு. கடைக்காரருக்குத் தெரியாதா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லியோனார்ட் வெளியே நடந்தான்.

மறு சனிக்கிழமை காலை அறுக்கத் தொடங்கினான். அலகு சூடேறிப் புகைந்தது. சட்டத்தின் மேல்பக்கம் கோடு நேராக இருந்தது. புரட்டினால் அடிப்பக்கம் அரை அங்குலம் விலகியிருந்தது. மூன்று சட்டங்கள் பாழாயின.

"கட்டை சரியில்ல" என்றான்.

மாடில்டாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பிளக்கைப் பிடுங்கினாள். மெசினைப் பெட்டிக்குள் திணித்தாள். பாழான துண்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கிளம்புங்க. இப்பவே."

தவுக்கே பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "யூஸ் பண்ணியாச்சு. மாத்த முடியாது லா."

மரத்துண்டை மேசைமேல் தொப்பென்று போட்டாள். "நீங்களே அறுத்துக் காட்டுங்க. நேரா வந்தா நான் பேசாம போயிடறேன்."

ஆணி வாங்க வந்திருந்த இரண்டு கட்டட வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவுக்கேவால் பின்வாங்க முடியவில்லை. அறுத்தார். அறுத்த முகத்தில் மாடில்டா கடையிலிருந்த மூலைமட்டத்தை வைத்து வெட்டு நேரா என்று பார்த்தாள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. வேலைக்காரர்களில் ஒருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

ஏழு இஞ்சு ரம்பம் பரணிலிருந்து இறங்கியது. "பாஸ், கவனமா பிடிக்கணும்" என்று தவுக்கே அதை லியோனார்டிடம் நீட்டினார்.

"எங்கிட்ட சொல்லுங்க. அறுக்கப் போறது நான்."

வாங்கி, தட்டின் காப்பு மூடியை இழுத்துவிட்டுப் பார்த்தாள். பாதியில் நின்றது. "இது சிக்குது. இதுதான் விரலை எடுக்கும். வேற பெட்டி பிரிங்க." அடுத்ததில் மூடி பட்டென்று திரும்பி மூடிக்கொண்டது. அதை எடுத்துக்கொண்டாள். கூடுதல் விலையை லியோனார்ட் எண்ணிக் கொடுத்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"வாசல்ல சொன்னேன். உள்ள சொன்னேன். திரும்பவும் சொல்ல வந்தேன், சும்மா இருன்னீங்க. அந்தாளு என்னைத் தெரியாதவன். ஆறு வருஷமா நான் தலையெல்லாம் மரத்தூளோட வீட்டுக்கு வர்றேனே, நீங்க என்ன நெனச்சீங்க? அங்க கூட்டிப் பெருக்குறேன்னா?"

முன் இருக்கைக்காரர்கள் திரும்பினார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று மாலைக்குள் மீதிச் சட்டங்கள் எல்லாவற்றையும் அவளே அறுத்தாள். உதவிக்கு வந்த லியோனார்டைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கடைசிச் சட்டம் நீளமானது. அவன் மறுமுனைக்கு வந்து நின்று, "எங்க பிடிக்கணும்?" என்று கேட்டான்.

மாடில்டா முகவாயால் இடத்தைக் காட்டினாள். கோபம் தணிந்தபாடில்லை. சட்டம் ஆடாமல் இருக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.