ராக்காயி வீட்டில் ஒரு தெப்பக்குளம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளத்தைத் தோண்டியது நான். ஒரே வாக்கியத்தில்.

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக் கோயில். நிலத்தை வீடமைப்பு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் சத்தியசீலன், கோலா கெத்திலில் டயர் கடை வைத்திருப்பவர், ஒரு வழி கண்டுபிடித்தார். அது ஆயிரம் வருடத்துப் புண்ணிய நகரம் என்று காட்டிவிட்டால் கோயிலை யாரும் அசைக்க முடியாது. “பூஜாங் பள்ளத்தாக்கு வரைக்கும் கப்பலில் வந்து கோயில் கட்டிய ராஜா, இன்னும் பத்துக் கல் வந்திருக்க மாட்டானா?” இதுதான் ஆதாரம். தல வரலாறு எழுத என்னைப் பிடித்தார். கதை எழுதுகிறவன் கேள்வி கேட்கமாட்டான் என்ற நம்பிக்கை.

‘கிழக்கே அரசசபை, மேற்கே யாகசாலை, வடக்கே தேர்வீதி’ என்று எழுதினேன். வாக்கியம் நொண்டியது. ‘தெற்கே தெப்பக்குளம்’ என்று சேர்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

பொன்னொளி வீசும் கோபுரங்கள் சூழ்ந்த அந்நகரில் (வேண்டாம். இருப்பது தகரக் கூரை.)

குணசுந்தரி பென்சிலைச் சீவினாள். (அவள் கணினியில் வரைகிறவள். பென்சில் என் அலங்காரம்.)

குணசுந்தரி மவுஸைத் தட்டினாள். (இருக்கட்டும்.)

சுங்கைப்பட்டாணியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது அவள் வேலை. பிறந்தது இந்தத் தோட்டம். தலைவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, தோட்டத்தின் பழைய வரைபடத்தின் மேல் நகரம் எழுந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய பெரட்டுக் களம் அரசசபை ஆனது. ரப்பர் பால் எடைபோட்ட கொட்டகை, யாகசாலை. லாரிப் பாதை, தேர்வீதி.* தெற்கே வந்ததும் அவள் விரல் நின்றது.

“தலைவரே, இங்க ராக்காயி அக்கா வீடு இருக்கு லா.”

“அது இப்ப. நம்ம மேப் ஆயிரம் வருசத்துக்கு முந்தி.”

“கோயிலே எழுபத்தெட்டுல கட்டுனதுதானே?”

“கட்டடம் புதுசு. சாமி பழசு. போடும்மா.”

* தேர் கிடையாது. போன வருடம் சாமி பிக்கப் லாரியில் வந்தது.

3

ராக்காயி விஷயத்தில் எனக்குத் தயக்கம். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் கடைசி ஆள். தனியாள். மகன் பினாங்கில். இப்படி ஒருவர் வந்தால் வாசகர் கைக்குட்டையை எடுப்பார். முதல் வரைவில் அவரை எடுத்துவிட்டேன். கதை வேகமாக ஓடியது. கமிட்டியும் இதே காரணத்துக்காகத்தான் அவரை

[இந்த வாக்கியத்தை முடிக்க விருப்பமில்லை.]

கோயிலுக்கும் வீடுகளுக்கும் சேர்த்து நிறுவனம் கேட்டது ஒரே ஒரு வரைபடம். அதில் வீடு இருந்தால் மாற்று வீடு உண்டு. குளத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

ராக்காயி குணசுந்தரியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். (அழுதார் என்று எழுதியிருந்தேன். இல்லை. கச்சான் கடலை கொறித்தார்.)

“கொளமா? அது ரப்பர் ஆலைக் கழிவுத் தண்ணி நின்ன பள்ளம்டி. அத மூடித்தான் எங்களுக்கு லயம் கட்டுனான். அதுல முங்குனா புண்ணியம் வராது, சொறிதான் வரும்.”

சத்தியசீலன் சிரிக்கவில்லை. “அக்கா, புண்ணிய நகரத்துல உங்க துணிக்கொடி தெரிஞ்சா கம்பெனி ஆபீசர் சிரிப்பான். கோயிலும் போயிரும். சாமி காரியம், கொஞ்சம் விட்டுக் குடுங்க.”

“நீ டயர் கடைய விட்டுக் குடு தம்பி. அங்கயும் ஒரு கொளம் வெட்டலாம்.”

4

முடிவுகள் கைவசம் உள்ளன.

வீடு நிற்கிறது, கோயில் போகிறது. ராக்காயியோடு யாரும் பேசுவதில்லை. (நடக்கக்கூடியது. அதனால் கமிட்டிக்குப் பிடிக்காது.)

குளம் நிற்கிறது. ராக்காயி பினாங்கில் மகன் வீட்டுச் சமையலறையில் படுக்கிறார். கோயில் மலரில் என் கட்டுரை, புகைப்படத்தோடு.

தோண்டும்போது நிஜமாகவே ஒரு பழைய செங்கல் சுவர் (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

5

இன்று காலை குணசுந்தரி போன் செய்தாள்.

“அண்ணே, பத்து மணிக்கு மேப் வாங்க ஆபீசர் வர்றாரு. நீங்க வெட்டுன கொளம், நீங்களே மூடுங்க. தலைவர்கிட்ட பொய்னு சொல்லுங்க.”

“மலர் அச்சுக்குப் போயிருச்சேம்மா.”

“அப்ப அக்காகிட்ட சொல்லுங்க. பக்கத்துலதான் இருக்காங்க. குடுக்கறேன்.”

போன் கை மாறியது. மறுமுனையில் மூச்சுச் சத்தம். ஆயிரம் வருடத்து ராஜாவுக்கு வசனம் எழுதியவன் நான். போனை வாசகர் பக்கம் நீட்டுகிறேன்.

இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள். “அலோ, யாரு?” என்கிறார்.